கப்பு வந்த பிறகு: குமரி மேற்கெல்லையில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பாராட்டு விழா – நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக் கல்லூரி ஒன்று, பல்கலைக்கழக அளவில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஆண்கள் கால்பந்துப் போட்டியில் சாம்பியன் ஆகிறது. இறுதி ஆட்டம் திருநெல்வேலியில். முழு நேரத்தில் 1–1, பெனால்டி ஷூட்-அவுட்டில் 4–3. அணி அன்று இரவே ஊர் திரும்புகிறது. பத்து நாள் கழித்துக் கல்லூரி மைதானத்தில் பாராட்டு விழா. அந்தப் பத்து நாளில் நடக்க வேண்டியவை, நடந்து கெடுபவை, விழா முடிந்த பிறகு யாரும் கவனிக்காமல் விட்டுவிடுபவை ஆகியவற்றை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. கல்லூரிக்குப் பெயர் கிடையாது. இந்தக் கரையில் நடக்கும் விழாக்களில் திரும்பத் திரும்ப வரும் சங்கதிகளை ஒரே விழாவாகக் கோத்த மாதிரி நிகழ்வு இது.

இந்த மண்ணுக்கும் பந்துக்கும் உள்ள உறவு தெரிந்தால்தான் விழாவின் கனம் புரியும். கேரள எல்லையில் நீரோடியில் தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று குழித்துறை ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும் வரிசையாகக் கடலோர ஊர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர். இங்கே கிரிக்கெட் மட்டையைவிடப் பந்துதான் பையன்கள் கையில் முதலில் சேரும். இந்திய அணிக்கும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டிகளுக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி என்பதால் ரசனையும் அந்தப் பக்கத்து ரசனைதான். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வென்று கேரளம் முதன்முறை தேசியக் கால்பந்துக் கோப்பையான சந்தோஷ் டிராபி எடுத்தபோது, மறுநாள் மாநிலத்துக்கே விடுமுறை விட்டார்கள். மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. ஒரு வெற்றியை ஊரே கொண்டாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இங்கே அப்படி வளர்ந்தது. அதனால் விழாவில் ஆர்வம் குறைவதில்லை. குறைவது ஒழுங்கு.

முதல் இரவு

வெற்றிச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அரை மணி நேரத்தில் மார்த்தாண்டத்தில் ஒரு மினி லாரியும் செண்டை மேளமும் பேசி முடிந்திருக்கும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது.

அணியின் நிலையைப் பார்க்க வேண்டும். மதியம் ஆடிய ஆட்டம், அதற்கு முந்தைய நாள் அரையிறுதி. பரிசளிப்பு முடிந்து வேனில் ஏறும்போது பெரும்பாலும் வடையும் டீயும்தான் வயிற்றில். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில், தக்கலை வழியாக மார்த்தாண்டம் வந்து சேர நெரிசலோடு மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வந்த பையனை உடனே லாரியில் ஏற்றி இரண்டு மணி நேரம் நிற்க வைத்தால் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். வழியில் நாகர்கோவிலில் நிறுத்தி வயிறாரச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்று: இதை முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியவர் அணி மேலாளர்.

அடுத்தது லாரி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு என்பதை எல்லோரும் அறிவார்கள். வெற்றி நாளில் யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் நம்புவார்கள். ஆனால் கம்பி கேட்கும். சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், சாலையோரமாகப் போவது 5.5 மீட்டர் என்பது விதி. மினி லாரியின் தளம் ஒரு மீட்டர். அதில் நின்று கப்பைத் தலைக்கு மேல் தூக்கினால் மொத்தம் 3.7 மீட்டர், இதுவரை பயமில்லை. அதே பையன் மூன்று மீட்டர் அலுமினியக் குழாயில் கட்டிய கொடியை உயர்த்தி ஆட்டினால் குழாயின் முனை 6 மீட்டரைத் தொடும். கிராமச் சாலைகளில் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டு உயர்ந்த இடங்களிலும், தென்னை ஓலை விழுந்து கம்பி தொய்ந்த இடங்களிலும் விதியில் சொன்ன உயரம் இருக்காது. கேபிள் டிவி ஒயர் இன்னும் கீழே தொங்கும். அதை ஒதுக்க ஒருவன் கம்பால் தூக்கிவிடுவான், பக்கத்தில் மின்கம்பி இருப்பதை இருட்டில் பார்க்கமாட்டான். வெள்ளித்தாள் பறக்கவிடும் பட்டாசுக் குழலும் இதே காரணத்தால் வேண்டாம்: உலோகப் பூச்சுள்ள தாள் கம்பிகளுக்கு நடுவே விழுந்தால் பொறி பறக்கும்.

நடந்து போவதே நல்லது. கல்லூரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சந்திப்பில் வேனை நிறுத்தி, அங்கிருந்து மேளத்தோடு அணி நடந்து வரட்டும். பதினைந்து பேர் கொண்ட சிங்காரி மேளக் குழு முன்னால், அணி நடுவில், ஊர்க்காரர் பின்னால், இரண்டு ஓரமும் கயிறு பிடித்து என்.எஸ்.எஸ். மாணவர்கள். கால் வலிப்பவன் வேனிலேயே வரட்டும். பைக் பேரணி வேண்டாம். ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் ஏறி, ஒருவன் பின்னால் திரும்பி வீடியோ எடுக்கும் பைக்கில்தான் அடி படுகிறது. இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. வேன் 9 மணிக்கு மேல்தான் வரும் என்றால் மைக் செட்டே வேண்டாம். கல்லூரி வாசலில் முதல்வர் மாலை போட்டு, ஒரு போட்டோ எடுத்து, நாற்பது நிமிடத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்தால் ஊரே வாழ்த்தும்.

அணி எல்லை தாண்டி, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வருவதாக இருந்தால் இன்னொன்று சேரும். அகில இந்தியச் சுற்றுலா அனுமதி இல்லாத தமிழ்நாட்டுப் பதிவு வாடகை வேனுக்குக் கேரளத்தில் ஓடத் தற்காலிக அனுமதியும் வரியும் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். போகும்போது கட்டிய அனுமதியின் கடைசி நாள் திரும்பும் நாளையும் சேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுதி ஆட்டத்துக்குள் நுழைவோம் என்று நம்பாமல் இரண்டு நாளுக்கு மட்டும் கட்டிவிட்டு, சாம்பியனாகத் திரும்பும்போது செக்போஸ்டில் நிற்கும் வேன்கள் உண்டு.

பெயர்ப் பட்டியல்

விழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. போட்டி நுழைவுப் படிவத்தில் 20 பேர். ஆட்டத் தாளில் 11 பேரும் மாற்று ஆட்டக்காரர்களுமாக 18. போட்டி நடத்தியவர்கள் கொடுத்த பதக்கம் 18, கோச்சுக்கும் மேலாளருக்கும் இரண்டு. ஆக இரண்டு பையன்கள் பதக்கம் இல்லாமல் ஊருக்கு வந்திருக்கிறார்கள். முகாமில் மற்றவர்களோடு அதே வெயிலில் ஓடியவர்கள். ஒருவன் மூன்றாவது கோலி (கோல்கீப்பர்), ஷூட்-அவுட் பயிற்சியில் தினமும் ஐம்பது பந்துக்கு எதிரே விழுந்து எழுந்தவன்.

விழா நோட்டீஸ் அச்சடிப்பவர் கல்லூரி அலுவலகத்தில் பட்டியல் கேட்கிறார். அலுவலகம் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து 18 பெயரைக் கொடுக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்ததும் ஒரு பையன் உடற்கல்வி ஆசிரியரான பி.டி. சாரிடம் வந்து நிற்பான்: “சாரே, இதுல எனக்க பேரு இல்லியே.” அவனுக்கு அப்போது சொல்லும் எந்தச் சமாதானமும் நிற்காது. ஆயிரம் நோட்டீஸ் ஊரில் போய்விட்டிருக்கும். அவன் அம்மா கையிலும் ஒன்று இருக்கும்.

பட்டியலுக்கு மூலம் ஒன்றுதான்: பல்கலைக்கழகத்துக்குப் போன நுழைவுப் படிவத்தின் நகல். அதில் உள்ள எல்லோரும் சாம்பியன்கள். அதோடு கோச், மேலாளர், உடற்கல்வி இயக்குநர், அணியோடு போன உதவியாளர், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுபவர் வரை சேர்த்து எழுத வேண்டும். 20 ஆட்டக்காரர்களும் 5 பேரும் என்றால் பதக்கம் 25, உடையக்கூடும் என்று மேலும் 2. போட்டியில் கிடைத்த பதக்கத்தை மேடையில் மறுபடி போடக் கூடாது. போட்டால் இரண்டு பேர் கழுத்து வெறுமையாக நிற்கும். அவர்களுக்கு மட்டும் கடையில் வேறு மாதிரிப் பதக்கம் வாங்கினால் தூரத்திலிருந்தே தெரியும். கல்லூரி தன் பெயரில் ஒரே அச்சில் 27 பதக்கம் செய்து எல்லோருக்கும் அதையே போடட்டும்.

எழுத்து அடுத்த கண்ணி. எல்லைப் பகுதியில் பெயருக்கு மூன்று முகம் உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு படித்தவனுக்கு முதலெழுத்து முன்னால்: எஸ். ஷிபின். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் படித்தவனுக்கு அது பின்னால்: ஷிபின் எஸ். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டு ஷிபின் சேவியர் என்று இருக்கும். சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றே செல்லும். ஓர் எழுத்து மாறினாலும் பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். மேடையில் கூப்பிட ஊரில் கூப்பிடும் பெயர், பேனருக்குத் தமிழ்ப் பெயர், சான்றிதழுக்கு மதிப்பெண் பட்டியல் பெயர். மூன்றையும் ஒரே தாளில் மூன்று பத்தியாக எழுதி, பக்கத்தில் ஜெர்சி எண், துறை, ஆண்டு, ஊர், ஆடும் இடம் குறித்து, ஒவ்வொரு பையனிடமும் காட்டிக் கையொப்பம் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். விழா வேலைகளில் இதைவிடப் பயனுள்ள ஒரு மணி நேரம் கிடையாது.

பேனர் அச்சகத்துக்குப் பட்டியலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால் சில கடைகளில் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஜெ’யின் கொம்பும் ‘ஷோ’வின் காலும் இடம் மாறிவிடும். பி.டி.எஃப். கோப்பாக அனுப்பி, அச்சுக்கு முன் மாதிரிப் படத்தை வாங்கி, அந்தந்தப் பையனையே அவனவன் பெயரைப் படிக்கச் சொல்ல வேண்டும். பேனர் எல்லைக்கு அந்தப் பக்கமும் கட்டுவதாக இருந்தால் பி.வி.சி. ஃப்ளெக்ஸ் வேண்டாம், கேரளத்தில் அதற்குத் தடை. துணியில் அடித்தால் இரண்டு பக்கமும் செல்லும். தமிழ்நாட்டில் சாலையோரத்தில் அனுமதியில்லாத பேனரை நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரே போனது. கல்லூரி மதிலுக்குள் கட்டினால் போதும். அந்தப் பேனரில் இருபது முகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், தலைவர்கள் படம் அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

முடிவை எழுதும் முறையிலும் பிழை வரும். 1–1, பெனால்டியில் 4–3 என்றால் அப்படியேதான் எழுத வேண்டும். இரண்டையும் கூட்டி ‘5–4 வெற்றி’ என்று போடுவது வழக்கமாகிவிட்டது, அது தவறு. ஷூட்-அவுட்டில் போட்டது ஆட்டக் கோல் கணக்கில் சேராது, அதிகக் கோல் அடித்தவர் பட்டியலிலும் சேராது. தோற்ற கல்லூரியின் பெயரையும் நோட்டீசில் மரியாதையோடு எழுத வேண்டும். 90 நிமிடம் சமமாக நின்றவர்கள் அவர்கள்.

இவ்வளவையும் அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும்: போட்டிச் செயலாளர் கையொப்பமிட்ட முடிவுத் தாள். ஆட்டக்காரர் தகுதி குறித்து எதிரணி எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்து, அது விசாரணையில் இருந்தால் முடிவு நிறுத்திவைக்கப்படும். கப்பு கையில் இருப்பதாலேயே விஷயம் முடிந்துவிட்டதாகாது.

சான்றிதழ்: மேடையில் சொல்லும் வாக்குறுதியும் உண்மையும்

“இந்தச் சாம்பியன் பட்டத்தால் உங்களுக்கெல்லாம் அரசு வேலை உறுதி” என்று மேடையில் யாராவது ஒருவர் பேசிவிடுவார். கீழே உட்கார்ந்திருக்கும் மீனவத் தாய் அதை நம்புவார். அது உண்மையில்லை. விழா அமைப்பாளர்கள் பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லித் தடுக்க வேண்டிய பேச்சு இது.

நிலவரம் இதுதான். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வரையறுத்த படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் டீனோ, இயக்குநரோ, பொறுப்பு அதிகாரியோ கையொப்பமிட வேண்டும். பள்ளி மாணவருக்குப் படிவம் 4. கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் வென்றதற்கு இந்த வரிசையில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் எந்த நிலைப் போட்டி, என்ன இடம் என்ற வரையறை தனியே உண்டு.

அப்படியானால் இந்த வெற்றியின் பயன் என்ன? பல்கலைக்கழக அணித் தேர்வு. சாம்பியன் கல்லூரியிலிருந்து வழக்கமாகப் பலர் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவார்கள். அதிலிருந்து தேர்வாகி, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டியில் ஆடுபவருக்கே படிவம் 3 கிடைக்கும். தென்மண்டலத்தில் கேரளப் பல்கலைக்கழகங்களும் இருப்பதால் அங்கே ஒரு ஆட்டம் வெல்வதே பெரிய காரியம். மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடித்தால் அகில இந்தியப் போட்டி.

ஆக விழா தேதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தேர்வு முகாம் இறுதி ஆட்டம் முடிந்த சில நாளிலேயே தொடங்கலாம். விழா ஒத்திகைக்காக முகாமுக்கு ஒரு நாள் தாமதமாகப் போன பையன் பட்டியலிலிருந்து விழுந்தால், அந்த விழா அவனுக்குச் செய்தது கெடுதல். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் முகாம் தேதியைக் கேட்ட பிறகே விழா தேதியைக் குறிக்க வேண்டும்.

விழாவில் கொடுக்கும் பாராட்டுப் பத்திரத்தையும் போட்டிச் சான்றிதழையும் ஒரே உறையில் போடக் கூடாது. பாராட்டுப் பத்திரம் சுவரில் மாட்டுவதற்கு. போட்டிச் சான்றிதழ் ஃபைலில் இருக்க வேண்டியது. லேமினேட் செய்யவே கூடாது, பின்னால் சான்றொப்பம் வைக்கவோ முத்திரை சரிபார்க்கவோ இடம் இருக்காது. பல வீடுகளில் அன்று மாலையே ஆசையாக லேமினேட் செய்துவிடுகிறார்கள். உறையின் மேல் சிவப்பு மையில் ‘லேமினேட் செய்ய வேண்டாம்’ என்று எழுதிக் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு சான்றிதழையும் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து கல்லூரியில் ஒரு பிரதி வைக்க வேண்டும். கடலோர வீடுகளில் ஈரக்காற்றும் மழையும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை.

தேதி

பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் வருகின்றன. அப்போது இந்தக் கரையின் அப்பாமார் பலர் ஆழ்கடலில் இருப்பார்கள். தூண்டில் படகு ஒருமுறை போனால் வாரக்கணக்கில் திரும்பாது. அவர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பது மேற்குக் கரை மீன்பிடித் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதுவோ கொட்டும் தென்மேற்குப் பருவமழைக் காலம், கல்லூரியும் புது ஆண்டுக்கு மாறியிருக்கும். எல்லா அப்பாக்களும் வரும் தேதி என்று ஒன்று கிடைக்காது. செய்யக்கூடியது இது: எந்தெந்த வீட்டில் அப்பா கடலில் என்று முன்பே கேட்டு, அந்தப் பையனோடு மேடைக்கு வர அம்மாவையோ மாமாவையோ பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ‘பெற்றோர் வரவும்’ என்ற பொது அழைப்பில் அந்த அம்மாமார் வந்து கடைசி வரிசையில்தான் உட்காருவார்கள்.

விலக்க வேண்டிய நாட்களும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் இந்த ஊர்கள் இழந்தவர்களை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். அணியிலேயே அப்பாவையோ சித்தப்பாவையோ அன்று இழந்த பையன் இருக்கக்கூடும். நவம்பர் கடைசி வாரத்தில் மேளம் வேண்டாம். டிசம்பர் 26 சுனாமி நினைவு நாள். ஞாயிறு காலை திருப்பலி. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் அமைச்சரையோ வேட்பாளரையோ மேடை ஏற்றுவது பற்றி முதலில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். இவற்றைக் கழித்தால் சனிக்கிழமை மாலை 4 மணி பொருந்தி வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெரும்பாலும் மாலையில் பிடிக்கும். பந்தல் தகரமா துணியா என்று யோசிக்காமல் தகரமே போடலாம், அல்லது கலையரங்கத்துக்குள் நடத்தலாம்.

மேடை

தரையிலிருந்து மூன்றரை அடி, அகலம் 24 அடி, ஆழம் 16 அடி. இரண்டு பக்கமும் படி: இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்க. ஒரே படி இருந்தால் ஏறுபவனும் இறங்குபவனும் முட்டிக்கொண்டு நேரம் போகும். ஜெர்சி எண் வரிசையில் ஆட்டக்காரர்களைப் படிக்கட்டருகே முன்கூட்டியே நிறுத்திவைத்தால் ஒருவருக்கு 40 வினாடி. இருபது பேருக்குப் பதினான்கு நிமிடத்துக்குள் முடியும். கூட்டத்துக்குள்ளிருந்து பெயர் கூப்பிட்டு வரவழைத்தால் ஒருவருக்கு ஒன்றரை நிமிடம், மொத்தம் அரை மணி.

நிகழ்ச்சி வரிசையில் ஒரு மாற்றம் மட்டும் செய்தால் விழாவே மாறிவிடும்: கடவுள் வாழ்த்தும் வரவேற்பும் முடிந்ததும் முதலில் ஆட்டக்காரர்களுக்குப் பதக்கம், பிறகு பேச்சு. இப்போது வழக்கம் நேர்மாறு. ஆறு பேர் பேசி முடியும்வரை பிள்ளைகள் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்கள் முறை வரும்போது இருட்டி, ஊர்க்காரர் பாதி கலைந்து, பதக்கம் மூன்று மூன்று பேராகக் கழுத்தில் விழுகிறது. பதக்கம் முதலில் கொடுத்தால் கூட்டம் போய்விடும் என்பது பயம். போகட்டும், அவர்கள் வந்தது பிள்ளைகளைப் பார்க்கத்தானே. சிறப்பு விருந்தினருக்கும் இது வசதி: பதக்கம் அவர் கையால், போட்டோ உடனே, வேறு நிகழ்ச்சி இருந்தால் அவர் கிளம்பலாம். அவர் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். முதல்வர் கொடுக்கட்டும்.

ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரே ஒரு வாக்கியம் படிக்க வேண்டும். கோச்சின் குறிப்பேட்டிலும் ஆட்டத் தாளிலும் பார்த்து எழுதிய உண்மை வாக்கியமாக இருக்க வேண்டும். ‘அபாரமாக ஆடினார்’ என்று இருபது முறை சொன்னால் யாரையும் சொன்னதாகாது. “எண் 4, அரையிறுதியில் பத்துப் பேராக ஆடிய கடைசி இருபது நிமிடம் தடுப்பை நடத்தியவர்” என்றால் கூட்டத்தில் ஆட்டம் தெரிந்தவன் எழுந்து நிற்பான். களமிறங்காதவனுக்கும் இப்படி ஒரு வாக்கியம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது கோச்சின் கடமை.

குழுப் போட்டோவை மேடை நிகழ்ச்சிக்கு முன்பே, வெளிச்சம் இருக்கும்போது மைதானத்தில் எடுத்துவிட வேண்டும். முன் வரிசையில் 12 நாற்காலி, பின்னால் 13 பேர் நின்று. கப்பு கேப்டன் மடியில்.

பணம், பரிசு, காயம்

பொன்னாடையால் இருபது வயதுப் பையனுக்கு ஒரு பயனும் இல்லை. மரியாதைக்குத் தோவாளைப் பூமாலை ஒன்று போதும். மாணிக்க மாலை கட்டச் சொன்னால் இந்த மாவட்டத்துக்கே உரிய மரியாதை அது. மீதிப் பணத்தில் கால்பந்து பூட்ஸ் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அளவு கேட்காமல் ஒரே வகையில் இருபது ஜோடி வாங்குவது வீண். சரல் மண் மைதானத்தில் ஆடுபவனுக்குச் சிறு ரப்பர்க் குமிழ்கள் நிறைந்த அடிப்பாகம் வேண்டும். புல்தரைக்கான நீளக் குமிழ் பூட்ஸை அந்தத் தரையில் போட்டால் குதிகாலும் முட்டியும் வலிக்கும், அடிப்பாகமும் சீக்கிரம் பிய்ந்துவிடும். கோலிக்கு பூட்ஸோடு கையுறை. பட்டியல் தாளில் பூட்ஸ் அளவுக்கு இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளலாம்.

இறுதி ஆட்டத்தில் போட்ட ஜெர்சியைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். கல்லூரி இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்தால் கணக்குத் தணிக்கையில் கேள்வி வரும். உடற்கல்வி இயக்குநர் பொறுப்பில் மாட்டிக்கொள்வார். முதல்வரின் எழுத்துமூல ஆணையோடு பதிவேட்டிலிருந்து நீக்கிக் கொடுக்க வேண்டும், அல்லது பெயர் போட்ட புது ஜெர்சி 20 அடிக்க வேண்டும்.

ரொக்கப் பரிசு எல்லோருக்கும் சமம். கேப்டனுக்குக் கூடுதல், கோல் அடித்தவனுக்குக் கூடுதல் என்று மேடையில் அறிவித்த அணி அடுத்த பருவத்தில் உடைந்து போகும். மேடையில் உறை கொடுப்பதைவிட வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பி, அனுப்பிய ரசீதைக் கொடுப்பது சுத்தம். மைக்கில் ஒருவர் உற்சாகத்தில் அறிவித்த தொகை வந்து சேராமல் போவதும் நடக்கும். ஆகையால் கையில் வந்த பணத்தை மட்டுமே மேடையில் அறிவிக்க வேண்டும்.

வசூலான நிதியில் முதல் பங்கு காயம்பட்டவனுக்குப் போக வேண்டும். இந்த நிகழ்வில் இடது பின்காவலன் அரையிறுதியில் முழங்கால் சிலுவைத் தசைநார் அறுந்து ஊன்றுகோலோடு மேடைக்கு வருகிறான். கைதட்டல் அவனுக்குத்தான் அதிகம். அதன் பிறகு அவனுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அறுவை, பின் மாதக்கணக்கில் பிசியோதெரபி. மறுபடி களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். அதற்கு முன் அவசரப்பட்டு ஆடினால் அதே முழங்கால் மறுபடி போகும். தசைநார் அறுந்த முழங்கால் சில வாரத்தில் வீக்கம் வற்றி, நடக்கவும் வரும். அதைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டில் முடிவுசெய்து ஊர்ச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டியில் இறக்கிவிடுவார்கள். உள்ளே குருத்தெலும்பு கிழிவது அப்போதுதான். மேளத்துக்கும் பந்தலுக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்தாவது ஸ்கேனும் எலும்பு மருத்துவர் ஆலோசனையும் முதல் வாரத்திலேயே முடிக்க வேண்டும். கல்லூரிக்கு மாணவர் விபத்துக் காப்பீடு இருந்தால் தகவல் தெரிவிக்கும் கெடு நாட்கணக்கில் இருக்கும். விழா முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். ஆட்டத் தாளில் காயம் பதிவாகியிருக்கிறதா என்று இறுதி நாளிலேயே மேலாளர் பார்த்து, நடுவரின் குறிப்போடு நகல் வாங்கி வர வேண்டும்.

கப்பு

சுழற்கோப்பை என்றால் அது கல்லூரிக்குச் சொந்தமில்லை. வாங்கும்போது கையொப்பமிட்ட ரசீதில் திருப்பித் தரும் தேதி இருக்கும். ஊர்வலத்தில் கை மாறி மாறிப் போய்க் காது உடைந்து, மூடி தொலைந்து திரும்பும் கோப்பைகளுக்குச் செப்பனிடும் செலவு கல்லூரி தலையில். ஊர்வலத்துக்குச் சிறு மாதிரிக் கோப்பை ஒன்று செய்துகொள்ளலாம். அசல் முதல்வர் அறையில் பூட்டிய கண்ணாடிப் பெட்டியில். அடிப்பீடத்தில் ஆண்டும் கல்லூரிப் பெயரும் பொறித்துத் திருப்பிக் கொடுப்பது வென்றவர் பொறுப்பு. பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்ட வேண்டும், பீடத்தின் மரத்தில் நேரே செதுக்கினால் அடுத்தவருக்கு இடம் இருக்காது.

கோப்பை போன பிறகு கல்லூரியில் மிஞ்சுவது உடற்கல்வித் துறைச் சுவரில் மாட்டும் பலகை. ஆண்டு, போட்டி, முடிவு, இருபது பெயர், ஐந்து பெயர். அந்தப் பையன்கள் கையொப்பமிட்ட அதே தாளைப் பார்த்து எழுத வேண்டும், நோட்டீசைப் பார்த்து வேண்டாம். விழாவுக்கு முன்பே எழுதி முடித்து, விழா நாளில் திறந்துவைக்க வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்ட பலகை வந்ததே இல்லை. மேலாளரின் டைரியில் விழாவுக்கு மறுநாள் எழுத வேண்டிய வேலைகள் நான்கு: பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானவர்களின் படிவம் 3 எந்த நிலையில் இருக்கிறது, வராத சான்றிதழ் எத்தனை, காப்பீட்டுக் கோரிக்கை எண், சுழற்கோப்பை திருப்பும் தேதி. நான்கும் முடியும்வரை அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கக் கூடாது. அவர் மாறிப் போனால் அடுத்து வருபவரிடம் கையொப்பம் வாங்கி ஒப்படைக்க வேண்டும்.